ஒரு நூல் அவுட்

எங்கள் மூன்றாவது குறுக்கு வீதி வட்டமாக இருப்பதைப் பார்க்கிற வெளியாட்கள், மனை பிரித்த ஆள் அன்றைக்கு என்ன நிலையில் இருந்தாரோ என்று சிரிப்பார்கள், நாங்களும் கூடச் சேர்ந்து சிரித்து வைப்போம், ஏனென்றால் இந்த வீதி ஒரு காலத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராகத்தான் இருந்தது என்பதையும், ஒரு வீட்டு ஹாலில் ஒரு பழைய லேத் சரியாக ஓடத் தொடங்கிய காலையில்தான் வளைந்துகொண்டது என்பதையும், வளைந்ததோடு நிற்காமல் அந்த வீட்டைச் சுற்றி நகர்ந்துகொண்டும் இருக்கிறது என்பதையும் வெயிலில் நிற்கிற ஒருவருக்கு விளக்கி முடிப்பதற்குள் அவர் வந்த வேலை கெட்டுப்போய்விடும். கோயமுத்தூரில் இரும்பு கடைகிற லேத்தின் சத்தம் கேட்காத வீதி குறைவு. எங்கள் பொன்மலர் காலனியிலேயே கார் நிறுத்தும் இடத்தில் லேத் போட்டவர்கள் உண்டு, மாட்டுக் கொட்டகையில் போட்டவர்கள் உண்டு. ஆனால் ஹாலில், சோபா போட வேண்டிய இடத்தில், டி.வி.க்கு எதிரே லேத் போட்டது வசந்தாமணி ஒருத்திதான்.

வசந்தாமணி ஒரு பம்ப்செட் கம்பெனியில் சின்ன வயதிலிருந்து ஓய்வு பெறும்வரை இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவள். லேத்தில் கடைந்து வருகிற தண்டுகளைச் சுழலவிட்டு, அவற்றின்மேல் டயல் கேஜின் நுனியை வைப்பாள். அது கைக்கடிகாரம்போல முள் வைத்த ஒரு கருவி, தண்டு தலைமுடி அளவு கோணிச் சுழன்றாலும் முள் ஆடிக் காட்டிக் கொடுத்துவிடும். முள் ஆடினால் தண்டு அவுட். அவுட் ஆன தண்டில் ஒரு சிவப்புப் பெயிண்ட் பொட்டு வைத்து ஓரமாகத் தள்ளிவிடுவாள். பகலெல்லாம் இதையே செய்த கண், பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்ததும் சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டுச் சுவர் அவுட், எதிர்வீட்டுக் காப்பி அவுட், பெண் பார்க்க வந்தவர்களில் ஒருவருக்குப் பேச்சு அவுட், ஒருவருக்குப் பல்வரிசை அவுட், எல்லாம் நேராக இருந்த ஒருவருக்கு அவருடைய அம்மா அவுட். அவள் யாரையும் வெறுத்ததில்லை. முள் ஆடியது, சொன்னாள், அவ்வளவுதான். அப்படியே கல்யாணம் இல்லாமலே முடி நரைத்துவிட்டது.

அவளுடைய தங்கை தனமணிக்கு நிச்சயம் ஆன அன்றைக்கு நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் மூலம். மண்டப வாசலிலிருந்து மேடைக்கு மாப்பிள்ளை நாச்சிமுத்து நடந்து வருகிறார். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததில் ஒரு கால் கொஞ்சம் கட்டை, பெண் வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிய விஷயம்தான், அதை மறைக்கவென்றே புது வேட்டியைத் தரையில் புரளக் கட்டியிருந்தார். தட்டு மாற்றும்போது ஓலை வாசிக்க வைத்திருந்த மைக்குக்குப் பக்கத்தில் நின்ற வசந்தாமணி, வேலையில் இருக்கும்போது தன்னையறியாமல் முணுமுணுப்பாளே அதுபோல முணுமுணுத்தாள்: “எடது காலு நாலு நூலு அவுட்டு.” அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை எங்கள் ஊர்ப் பட்டறைகளில் நூல் என்பார்கள். பட்டறை தெரிந்தவர்கள் அரை அங்குலம் என்று கணக்குப் போட்டுச் சிரித்தார்கள், தெரியாதவர்கள் மாப்பிள்ளை அவுட்டாம், பெண்ணைக் கொடுக்க மாட்டார்களாம் என்று நினைத்து எழுந்துவிட்டார்கள். சமாதானம் பேசி நிச்சயம் நடந்தது, கல்யாணமும் நடந்தது, நாச்சிமுத்து இந்த வீதியிலேயே பொறுமைக்குப் பேர் வாங்கிய மனிதராகவும் ஆனார். அன்றைக்கு மேடையில் கழுத்துவரை சிவந்து நின்ற அவர் முகத்தைத் தனமணி மறக்கவில்லை. அதே வீதியில், முருங்கை மரம் வைத்த வீட்டில் குடியிருந்துகொண்டே, அக்காவின் வாசல்படியை அவள் மிதிக்கவே இல்லை.

அப்பா அம்மா போனார்கள், கம்பெனியிலும் மாலை போட்டு அனுப்பினார்கள். வீட்டில் ஃபேன் சுற்றுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. கம்பெனியில் லேத் ஓட்டுகிறவர்கள் அவளிடம் அடிக்கடி சொல்வதுண்டு: “குத்தஞ் சொல்றதுக்கு ஒரு முள்ளு போதும் அம்மணி. ஒண்ணு கடைஞ்சு பாரு, அப்பத் தெரியும்.” அது அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. உக்கடத்துப் பழைய இரும்புக் கடை ஒன்றில், மேலே தண்ணீர் டிரம்மைச் சுமந்துகொண்டு துருப்பிடித்துக் கிடந்த ஒரு நாலரை அடி லேத்தைப் பார்த்ததும் வாங்கிவிட்டாள். டெம்போவில் வந்து இறங்கியபோது வீதியில் இருந்த ஆண்பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து குழாய்த் துண்டுகளை அடியில் உருட்டி ஹாலுக்குள் தள்ளிக் கொடுத்தோம். “இருங்க, டீ வெக்கறேன்” என்று அவள் திரும்புவதற்குள் ஹால் காலியாகிவிட்டது. டம்ளரைப் பிடிக்கிற விதத்தில் ஏதாவது குறை கண்டுபிடித்துவிடுவாளோ என்கிற பயம் எங்களுக்கு. வைத்த டீயை அவளே குடித்திருப்பாள்.

அதன்பிறகு அந்த ஹாலில் நடந்ததையெல்லாம் நாங்கள் சத்தத்தை வைத்துத்தான் அறிவோம். மண்ணெண்ணெய் ஊற்றி, தேங்காய் நாரும் எமரித் தாளும் போட்டு, துரு போகத் தேய்த்தாள். லேத்தின் முதுகில் தண்டவாளம்போல ஓடுகிற மேடுகள் பழைய உழைப்பில் நடுவில் தேய்ந்து பள்ளமாகியிருந்தன. அவற்றின்மேல் நீலச் சாயம் தடவிய நேர்ப்பலகையை வைத்து இழுத்து, நீலம் ஒட்டிய இடங்களை மட்டும் சுரண்டியால் சுரண்டி, மறுபடி பலகையை வைத்து இழுத்து, மறுபடி சுரண்டி, ஆடிக் காற்று போய் ஐப்பசி மழை வந்தும் தேங்காய் துருவுகிறதுபோன்ற அந்தக் கர்ர் கர்ர் நிற்காததால், தினமும் தேங்காய்ப்பால் சோறுதான் போல என்று நாங்கள் சிரித்துக்கொண்டோம். சுழல்கிற தண்டைத் தாங்கும் தேய்ந்த புஷ்ஷை எடுத்துவிட்டு வெண்கலத்தில் புதிது போட்டாள், மூடிவிட்ட ஒரு ஓட்டலின் மாவு கிரைண்டரிலிருந்து மோட்டார் வாங்கிப் பூட்டினாள். கடைசியாக, லேத்தின் தலைப்பக்கம் இருக்கிற சக்கில் ஒரு சோதனைத் தண்டைக் கவ்வக் கொடுத்தாள். சக் என்பது நாலு பக்கமும் நாலு தாடை வைத்த இரும்பு வாய், ஒரு தாடையைத் தளர்த்தி எதிர்த் தாடையை முடுக்கினால் தண்டு அந்தப் பக்கம் தள்ளும். கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் முடுக்கி, சுழலவிட்டு, முள்ளைப் பார்த்து, மறுபடி தளர்த்தி, மறுபடி முடுக்கி வந்தாள்.

ஒரு காலைநேரத்தில் முள் ஆடவில்லை. கம்பெனியில் இருந்த காலம் முழுக்க அவள் கையில் வந்த எந்தத் தண்டிலும் முள் கொஞ்சமாவது துடிக்காமல் இருந்ததில்லை, துடிப்பு அளவுக்குள் இருந்தால் பாஸ் போடுவாள், அவ்வளவே. இது துடிக்கவே இல்லை. கேஜ்தான் கெட்டுவிட்டது என்று விரலால் தட்டிப் பார்த்தாள். முள் ஒரு துள்ளுத் துள்ளிவிட்டு மறுபடி பூஜ்யத்தில் போய் நின்றது. உலகத்தில் அவுட் இல்லாத ஒரு பொருளைப் பார்த்துவிட்டோம் என்று அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, யாரையாவது கூப்பிட்டுக் காட்டலாம் என்று ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஜன்னலுக்கு வெளியே தனமணி வீட்டு முருங்கை மரம் இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டிருந்தது.

அதற்குப் பின்னால் ஆசிரியை புஷ்பலீலாவின் வீடு போனது, ஒரு வீடு விட்டு எங்கள் வீடு போனது. மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த என் மனைவி கொடியைப் பிடித்துக்கொண்டு, “ஏனுங்க, வீதி சுத்துதுங்க” என்றாள். “கேட்டைச் சாத்தீட்டு வா, நாய் பூந்துரும்” என்றேன். நிழல் நகர்கிற வேகம்தான், டம்ளரில் இருந்த தண்ணீர்கூடத் தளும்பவில்லை. காலையில் லேத்தை ஓடவிட்டால் பொழுது சாய்வதற்குள் வீதி அவள் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வரும். அவள் சுவிட்சை அணைத்தால் இருந்த இடத்தில் நிற்கும்.

எதற்கும் பழகிக்கொள்கிறவர்கள் நாங்கள், இதற்கும் பழகிக்கொண்டோம். பால்காரர் வீடு வீடாகப் போவதை விட்டுவிட்டு, காலனி முனையில் வண்டியை நிறுத்திக்கொண்டு, எதிரே வருகிற வீட்டுக்கெல்லாம் பால் ஊற்றினார். மின்வாரியத்து லைன்மேன் வந்து நின்று பார்த்து, “சுத்துனாச் சுத்தட்டும், ஒயர இழுக்காமச் சுத்தட்டும்” என்று சொல்லி ஒயரைத் தளர்த்திவிட்டுப் போனார். சிறுவாணித் தண்ணீர் திறந்துவிடுகிற நாளில் மட்டும் லேத் ஓட்டக்கூடாது என்று குடியிருப்போர் சங்கத்தில் தீர்மானம் போட்டார்கள். தெற்குப் பார்த்த வீடு என்று வரன் தட்டிக்கொண்டே போன பெண்ணுக்கு அந்த மாசியிலேயே கல்யாணம் முடிந்தது, வீடு எந்தத் திசை என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டபோது, “நீங்க எத்தன மணிக்கு வர்றீங்க?” என்று அவள் அப்பா திருப்பிக் கேட்டாராம். வேப்பமரத்தடிப் பிள்ளையாரும் எங்களோடு சேர்ந்து சுற்றினார். அம்மையப்பனைச் சுற்றிவந்து பழத்தை வாங்கிக்கொண்டவருக்குச் சுற்றுவது புதிதா என்று பூசாரி சொன்னதை எல்லோரும் ஒப்புக்கொண்டோம். பிள்ளையாரே சுற்றுகிற வீடு என்பதால், வசந்தாமணியின் வாசலுக்கு நேராக நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்களும் உண்டானார்கள்.

அவளுக்குப் போன் வந்துகொண்டே இருந்தது. “அக்கா, வடகம் நெழல்ல கெடக்குது, சித்த ஓட்டி உடுங்க.” “அம்மணி, அய்யருக்கு ஓமம் வளத்தக் கெழக்கு வேணுமாமா, ஒரு கா மணி நேரம் நிறுத்தி வெய்யி.” “ஏனுங், எங்கூட்டு முன்னால லாரி வந்து நிக்குது, நகத்துங்க.” ஒவ்வொன்றையும் அவள் முகம் சுளிக்காமல் செய்துகொடுத்தாள். போனை எடுப்பதற்கு முன்னால் தொண்டையைச் சரி செய்துகொள்வாளாம், நாளெல்லாம் பேசாத தொண்டை கரகரக்கும் அல்லவா. வந்த விஷயத்தைச் சொல்லிவிட்டு எதிர்முனையில் வைத்துவிடுவார்கள். அவள் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்துவிட்டு, அப்புறம் வைப்பாள்.

ஏனென்றால் ஒருவரும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. முன்னாலும் போனதில்லை, இப்போது போக ஒரு காரணமும் இல்லாமல் போயிற்று. வட்டம் அவ்வளவு சுத்தமான வட்டம். எந்த வீடும் அவள் வாசலுக்குக் கிட்டத்தில் வராது, எந்த வீடும் எட்டத்தில் போகாது. எல்லோருக்கும் அவள் ஒரு வீதி அகலத்தில் இருந்தாள். பக்கத்து வீடு என்று ஒன்று இருந்தால்தானே ஒரு கைப்பிடி கறிவேப்பிலை கேட்கப் போக முடியும்? வீதி மொத்தமும் அவளைப் பார்த்தபடி சுற்றியது, அவளுக்குப் பக்கத்து வீடு என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது. கடையத்தான் வாங்கினாள் லேத்தை, ஆனால் ஒரு பம்பரம்கூட அதில் கடையவில்லை. தண்டைக் கழற்றினால் பூஜ்யம் போய்விடும். முள் ஆடாமல் நிற்பதைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், ஜன்னலில் நாங்கள் ஒவ்வொருவராகப் போவோம்.

தனமணி மட்டும் போன் செய்ததில்லை. அவள் வீடும் மற்ற வீடுகள் மாதிரியே ஜன்னலில் வரும். நாச்சிமுத்து வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார், தனமணி மிளகாய் காயப்போடுவாள், அக்காவின் ஜன்னல் எதிரே வருகிற நேரம் பார்த்து முதுகைத் திருப்பிக்கொள்வாள். அந்த முதுகைப் பார்ப்பதற்காகத்தான் அக்கா லேத்தைத் தண்ணீர் திறக்கிற நாள் தவிர ஒரு நாளும் நிறுத்தாமல் ஓட்டினாள் என்று நான் நினைக்கிறேன். அந்த முதுகுக்கும் வயதாகியிருந்தது.

ஒருநாள் தங்கை வீட்டுக் கேட்டில் டூ-லெட் போர்டு தொங்கியது. வசந்தாமணி புஷ்பலீலா டீச்சருக்குப் போன் போட்டு, வேறு என்னவோ பேசிவிட்டு, கடைசியில் கேட்டாள். “தெரியாதா உங்களுக்கு? ஓசூர்ல பையங்கிட்டப் போறாங்க. மருமகளுக்கு இது மாசம். இனி அங்கதானாம்” என்றார் டீச்சர். வசந்தாமணி போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பேசாமல் இருந்தாலும் தினமும் ஒருமுறை ஜன்னலில் வந்துபோகிற தங்கை அவளுக்கு இருந்தாள், இனி அதுவும் இருக்காது.

மறுநாள் முருங்கை மரம் நேர் எதிரே வந்ததும் சுவிட்சை அணைத்துவிட்டாள். நல்ல புடவை ஒன்றை உடுத்திக்கொண்டு, கேட்டைத் திறந்து வெளியே வந்து நின்றாள். எதிரே தனமணி கோலம் போட்டு முடித்து நிமிர்ந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வீதி அகலம்தான். ‘போகாதே’ என்று சொல்லத்தான் வந்திருந்தாள், ‘நான் அன்னைக்கு வேணும்னு சொல்லல’ என்று சொல்லத்தான் வந்திருந்தாள், ஆனால் பாழாய்ப்போன கண் அதற்குள் கோலத்தைப் பார்த்துவிட்டது. மூன்றாவது வரிசையில் ஒரு புள்ளி தள்ளியிருந்தது. ‘புள்ளி அவுட்டு’ என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு அவள் உள்ளே ஓடியதை நாங்கள் பார்த்தோம், ஏதோ வயிற்றுக் கோளாறு என்று நினைத்துக்கொண்டோம். தனமணி கோலப்பொடிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அதற்குள் போன்மேல் போன் வந்தது, வடகம் நிழலில் கிடக்கிறதாம், ஓட்டச் சொன்னார்கள்.

வசந்தாமணி ஓட்டவில்லை. லேத்துக்கு முன்னால் நின்று அழுதாள். எத்தனை தண்டுக்குச் சிவப்புப் பொட்டு வைத்திருப்பாள், எத்தனை பேருக்கு வைத்திருப்பாள், கடைசியில் பாஸ் ஆனது இந்த ஒரு இரும்புத் தண்டு, இதோடுதான் இனி குடித்தனம் என்று நினைத்தபோது அவளுக்கு அதன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. சுத்தமான வட்டம் எவரையும் கிட்டத்தில் கொண்டு வராது. ஆனால் ஒரு பக்கம் தள்ளிச் சுழல்கிற தண்டு, கம்பெனியில் அவள் ஓரமாகத் தள்ளிய அத்தனை தண்டுகளும், ஒவ்வொரு சுற்றிலும் முள்ளின் பக்கம் ஒருமுறை கிட்டே வந்துவிட்டுத்தான் போயின. அதனால்தான் முள் ஆடியது. இவ்வளவு காலம் அதைக் குற்றம் என்று எழுதினாள்.

சக் முடுக்குகிற சாவியை எடுத்து ஒரு தாடையைத் தளர்த்தினாள், எதிர்த் தாடையை முடுக்கினாள். டயல் கேஜைத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டு, கண்ணளவாகவே முடுக்கினாள், முழுதாக ஒரு நூல். கம்பெனியில் அதில் நூறில் ஒரு பங்குக்கே பொட்டு வைத்தவள். பிறகு பழைய சிவப்புப் பெயிண்ட் டப்பாவைத் தேடி எடுத்து, காய்ந்த மேல்தோலைக் குத்திக் கிளறி, சக்கில் ஒரு பொட்டு வைத்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் கட்டைவிரல் நகத்திலும் ஒன்று வைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டாள். லேத் டக் டக் என்று லேசாக உதைத்துக்கொண்டு ஓடியது.

வீதி ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றத் தொடங்கியது. சில வீடுகள் தூரத்தில் போய்ச் சின்னதாகின, சில வீடுகள் கிட்டே வந்தன, ஒவ்வொன்றும் தன் முறைக்கு அவள் வாசல் பக்கம் வந்து படியோடு படி உரசி, கொஞ்ச நேரம் நின்றாற்போல் நின்று, பிறகு விலகிப் போனது. முதலில் வந்து உரசியது புஷ்பலீலா டீச்சர் வீடு. டீச்சர் கொஞ்சம் கூச்சப்பட்டு, சமையலறை ஜன்னல் வழியே கையை மட்டும் நீட்டி, “வசந்தாமணி, கறிவேப்பிலை இருக்கா?” என்றார். இருந்தது. கொடுத்தாள். படியோடு படி ஒட்டி நிற்கும்போது உள்ளே எட்டிப் பார்க்காமல் போனால் மரியாதை இல்லையே என்று அடுத்த வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், அதற்கு அடுத்து நாங்கள் போனோம். டீ கொடுத்தாள். என் மனைவி டம்ளரின் விளிம்பைக் கொத்தாகப் பிடித்துத்தான் குடிப்பாள். வசந்தாமணி அதைப் பார்த்தாள், உடனே கண்ணைத் திருப்பி லேத்தைப் பார்த்துக்கொண்டாள். எங்களுக்கு எங்கள் வீடு விலகிப் போய்விடுமே என்கிற அவசரம், இல்லாவிட்டால் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்போம்.

பொழுது இறங்குகிற நேரத்தில் முருங்கை மரம் வந்தது. முதலில் ஒரு கிளை அவள் ஜன்னலுக்குள் நுழைந்து, லேத்தின்மேல் இரண்டு பூவை உதிர்த்தது. பிறகு வாசல்படி வந்து உரசியது. காய்ந்த மிளகாயை முறத்தில் அள்ளிக்கொண்டிருந்த தனமணி நிமிர்ந்தாள். முதுகைத் திருப்ப இடமில்லை, அவ்வளவு கிட்டத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். உள்ளே லேத் டக் டக் என்று உதைப்பது தங்கைக்கும் கேட்டது. தனமணிதான் முதலில் பேசினாள்.

“அக்கா, உன்ற மிசினு அவுட்டாயிருச்சு.”

“தெரியும் தனமணி. நாந்தான் வெச்சேன்.”

“எத்தன?”

“ஒரு நூலு.”

“ஒரு நூலா?” தனமணி முறத்தைக் கீழே வைத்தாள். “நீயா வெச்ச?”

“ஆமா. உன்ற கோலத்துல ஒரு புள்ளி தள்ளியிருந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு சாமி, நல்லாத்தான் இருந்துச்சு” என்று சொல்லி வசந்தாமணி உடைந்து அழுதாள். தனமணி படியின் விளிம்புவரை வந்தாள், ஆனால் கால் எழவில்லை. அத்தனை வருஷ வைராக்கியத்தைத் தூக்கிப் படி தாண்டுவது லேசா?

பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தது நாச்சிமுத்துதான். இரண்டு படிகளும் ஒட்டி நின்றாலும் மட்டம் ஒன்றில்லை, அக்காவின் படி கொஞ்சம் மேடு, காலையிலிருந்து அதைக் கடந்த நாங்கள் எல்லோருமே கொஞ்சம் தடுக்கித்தான் கடந்தோம். அவர் வலது காலைத் தன் வீட்டுப் படியிலேயே ஊன்றி, இடது காலைத் தூக்கி அக்காவின் படிமேல் வைத்தார். வைத்து நின்றார். மேடு சரியாக நாலு நூல். எங்கள் வீதிக்கு வந்த நாளிலிருந்து ஒரு தோள் இறங்கியே நாங்கள் பார்த்த மனிதர், ஒரு வீட்டில் ஒரு காலும் இன்னொரு வீட்டில் ஒரு காலுமாக, இரண்டு தோளும் சமமாக, நேராக நின்றார். வசந்தாமணிக்கு அளவெடுக்க முள் தேவைப்படவில்லை, கண்ணால் பார்த்தாள். அன்றைக்கு மைக்கில் சொன்ன அதே வாய் இப்போது, “வாங்க மாப்பிள்ளை” என்றது. அப்படி அவரை அவள் கூப்பிட்டதே இல்லை.

“வர்றனுங்க அக்கா. தனமணி, கையப் புடி. ஊடு நகருது பாரு” என்றார்.

மூன்று பேரும் உள்ளே போனார்கள். முருங்கை மரம் மெதுவாக ஜன்னலைவிட்டு விலகியது. ஆட்கள் இல்லாமல் அந்த வீடு தனியாகப் போவதைப் பார்த்துத் தனமணி பதறிப்போய், “ஐயோ, அடுப்புல பாலு வெச்சிருக்கறேன்” என்றாள். “சிம்முல வெச்சயா?” என்று கேட்டார் நாச்சிமுத்து. சிம்மில்தான் வைத்திருந்தாள். பால் ஒரு சுற்றுப் போய்த் திரட்டுப்பாலாகத் திரும்பி வந்தது, அதை எங்கள் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தார்கள். அத்தனை நேரம் அந்த மூவரும் என்ன பேசினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. சிரிப்புச் சத்தம் கேட்டதாகப் புஷ்பலீலா டீச்சர் சொல்கிறார், அவர் எதையும் கூட்டித்தான் சொல்வார்.

அவர்கள் ஓசூர் போகத்தான் செய்தார்கள். பிறக்கப் போகிற பேரக் குழந்தைக்கு முன்னால் அக்காவாவது தங்கையாவது. கிளம்புகிற அன்றைக்கு டூ-லெட் போர்டைக் கழற்றி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, தங்கள் வீடு படியோடு படி வந்து நிற்கிற நேரம்வரை காத்திருந்து, தனமணி சாவியை அக்காவின் கையில் கொடுத்தாள். “நீயே பாத்துக்கக்கா. வாடகைக்கு உட்டா, வர்ற ஆளுகளுக்கு நீ பாஸ் போடமாட்ட” என்றாள். சொன்னவளும் கேட்டவளும் சிரித்துக்கொண்டே அழுதார்கள்.

இப்போது அந்த ஹால் மறுபடி அமைதியாகத்தான் இருக்கிறது. நாங்கள் எங்கள் முறை வரும்போது எட்டிப் பார்க்கிறோம், டீ குடிக்கிறோம், கிளம்பிவிடுகிறோம், அவரவர் வீடு அவரவருக்கு. மற்ற நேரமெல்லாம் லேத்தின் டக் டக் மட்டும்தான். சோதனைத் தண்டை அவள் இன்னும் கழற்றவில்லை. தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் பூட்டிய வீடு அவள் வாசலுக்கு வரும். படி தாண்டிப் போய்ப் பெருக்கி, விளக்குப் போட்டு, முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றி, வீடு விலகுவதற்குள் திரும்பி வந்துவிடுவாள். ஒருநாள் தாமதமாகி அந்த வீட்டோடேயே போய்விட்டாள். எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தபோது, வெளிச்சமில்லாத தன் வீட்டைத் தூரத்திலிருந்து பார்த்தபடி தங்கையின் வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

ஓசூரிலிருந்து நாள்தோறும் போன் வரும். குழந்தை புரண்டதும் குப்புற விழுந்ததும் எல்லாம் சொல்லி முடித்த பிறகு, வைப்பதற்கு முன்னால் தனமணி ஒரே கேள்வியைக் கேட்பாள். எங்கள் முறை வந்து டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், என் காதிலும் அது விழுந்தது.

“அக்கா, நம்ம ஊடு இப்ப எங்க இருக்குது?”

வசந்தாமணி எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். வட்டத்தின் அந்தக் கோடியில், எல்லா வீடுகளுக்கும் பின்னால், முருங்கையின் உச்சி மட்டும் கொஞ்சம் தெரிந்தது.

“வந்துட்டிருக்குது” என்றாள்.